குடை பிடித்த பாட்டிக்கு எத்தனை மதிப்பெண்?

உப்பங்கழி:

வணக்கம். வேதாரண்யம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த முறை வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே வைக்கும் சிறு தேர்வு) உரைப்பத்தியை நானே எழுதினேன். பாடநூலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் பத்தியின் பக்கமே திரும்புவதில்லை. வினாவைப் பார்த்ததும் உரைநூலில் நெட்டுருப் போட்ட விடை கைக்கு வந்துவிடுகிறது. முப்பத்திரண்டு தாள். ஞாயிறு முழுவதும் திருத்தியும் நான்கு தாள்கள் முடிவாகாமல் மேசையில் கிடக்கின்றன. பத்தி இது:

"சந்தைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாட்டி தலைச்சுமையை இறக்கி வைத்தாள். குடையை விரித்து உப்புக் கூடைக்கு மேலே பிடித்தபடி நின்றாள். மழை விட்ட பிறகுதான் நடையைக் கட்டினாள். பொழுது சாய்ந்து வீடு திரும்பியபோது சேலை இன்னும் காயவில்லை. கூடை காலியாக இருந்தது. 'சாப்பிட்டாயா?' என்று பேத்தியைக் கேட்டாள். பேத்தி பதில் சொல்லாமல் துண்டை எடுத்து நீட்டினாள்."

முதல் வினா: குடை இருந்தும் பாட்டி ஏன் நனைந்தாள்? இரண்டாவது: அன்று பாட்டியின் வியாபாரம் எப்படி இருந்தது? ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண்.

முதல் வினாவுக்கு ஒரு பையன் எழுதியது: "உப்பு கறையாமல் இறுக்க குடை பிடித்தாள்."

இன்னொருத்தி, முத்து முத்தான கையெழுத்தில்: "குடையை விரித்து உப்புக் கூடைக்கு மேலே பிடித்தபடி நின்றாள். மழை விட்ட பிறகுதான் நடையைக் கட்டினாள்." பத்தியில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்திருக்கிறாள். ஒற்றுகூட விடவில்லை.

மூன்றாமவன்: "பாட்டிக்கு மழை பிடிக்கும்."

நான்காவது தாளில் சிக்கல் இரண்டாம் வினாவில். "வியாபாரம் நடக்கவில்லை. கூடை காலியாக இருந்தது." என் விடைக்குறிப்பில் இருப்பது: வியாபாரம் நன்றாக நடந்தது, கூடை காலியாகத் திரும்பியது. சான்று ஒன்றுதான், முடிவு மட்டும் நேர் எதிர். பென்சிலால் சுழியம் போட்டேன். பிறகு அழித்தேன். நீங்கள் என்றால் என்ன போடுவீர்கள்?

பழைய சிவப்பு மை:

அம்மா, நான் ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டுகள் உதவித் தேர்வாளர், கடைசியில் முதன்மைத் தேர்வாளர். ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

முதல் தாளுக்கு ஒன்றரை. கறை வேறு, கரை வேறு. இறுக்கம் வேறு, இருத்தல் வேறு. இது தமிழ்த் தாள், கணக்குத் தாள் இல்லை. இரண்டாம் தாளுக்கு 2, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவதற்குச் சுழியம். நான்காவதற்கும் சுழியம்தான், மனம் இளகினால் அரை.

இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். முகாமில் ஒரு மேசைக்காரர் இரக்கப்பட்டு 2 போடுவார், அடுத்த மேசைக்காரர் அதே விடைக்கு அரை போடுவார். தன் கட்டு எந்த மேசைக்குப் போகிறது என்பது பிள்ளையின் கையில் இல்லை. அதனால்தான் விடைக்குறிப்பு. அதை ஒட்டி நிற்பது ஒன்றுதான் எல்லாருக்கும் ஒரே நியாயம்.

வைகைக்கரை:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் முதல் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

"கரை" என்ற சொல் டீச்சரின் பத்தியில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. மழையும் உப்பும் குடையும் இருக்கின்றன. உப்பு கரைந்துவிடும் என்பதை அந்தப் பையன்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். பத்தியில் இல்லாத சொல்லைத் தானாக எழுத வேண்டியிருந்ததால்தான் றகரத்தில் வழுக்கினான். எடுத்தெழுதிய பிள்ளைக்கு வழுக்குவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் கண்முன் அச்சில் இருக்கிறது. நாம் அவளுக்கு 2 போட்டு இவனுக்கு ஒன்றரை போட்டால், அடுத்த தேர்வில் இவனும் எடுத்தெழுதக் கற்றுக்கொள்வான். அதையும் நாம்தான் சொல்லிக்கொடுத்திருப்போம்.

எழுத்துப்பிழைக்கு கட்டுரையில் வெட்டுகிறோம், கடிதத்தில் வெட்டுகிறோம், சொல்வதை எழுதுதலில் வெட்டுகிறோம். ஒரே குற்றத்துக்கு எத்தனை தண்டனை?

அளவுகோல்:

ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். மதிப்பீடு பற்றி வகுப்பெடுப்பதால் ஒன்று சொல்லலாம்.

15 வயது மாணவர்களுக்காக 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் வாசிப்புத் தாளைத் திருத்துபவர்களுக்கு ஒரு கையேடு தருவார்கள். அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: எழுத்துப்பிழையையும் இலக்கணப்பிழையையும் கண்டுகொள்ளாதீர்கள், பொருளே மறைந்துபோகும் அளவுக்கு இருந்தாலொழிய. எழுத்துத் திறனைச் சோதிக்கும் தேர்வு இது இல்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். எழுதாமல் விட்ட விடையையும் தவறான விடையையும் அவர்கள் ஒன்றாகச் சேர்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். தவறுக்கு 0, வெற்றிடத்துக்கு 9 என்று குறியீடே வேறு. நாம் இரண்டுக்கும் ஒரே முட்டையைப் போடுகிறோம். எழுதத் தெரியாமல் விட்டானா, படித்துவிட்டுத் தவறாகப் புரிந்துகொண்டானா என்பது அதோடு அழிந்துவிடுகிறது.

நான்காவது தாளுக்கும் அங்கே ஒரு முன்மாதிரி உண்டு. சுவர்க்கிறுக்கல் பற்றி இரண்டு பெண்கள் எழுதிய இரண்டு கடிதங்களைக் கொடுத்து, யாரோடு நீங்கள் உடன்படுகிறீர்கள், ஏன் என்று 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் கேட்டார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் முழு மதிப்பெண் வாங்கலாம். கடிதத்தில் சொன்னதோடு காரணம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

பழைய சிவப்பு மை:

பீசாவைப் பேசினால் முழுவதையும் பேச வேண்டும். 2009 சுற்றின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் 74 இடங்களில் நாம் 72, அவர்கள் 73. அதற்குப் பிறகு 2012, 2015, 2018 மூன்று சுற்றுகளிலும் இந்தியா சேரவில்லை. பிழையைக் கண்டுகொள்ளாமல் திருத்தியும் அந்த இடம்தான் கிடைத்தது!

இருக்கட்டும். "பொருள் மறையும் அளவுக்கு" என்றால் எந்த அளவு? பாட்டி "மலையில் நனைந்தாள்" என்று எழுதினால் நான் என்ன செய்வது? தமிழில் ஒரு ழகரம் மாறினால் ஊரே மாறிவிடும்.

அளவுகோல்:

அந்த 72-ஆம் இடத்தை என் கட்சிக்குத்தான் சாட்சியாக வைத்துக்கொள்வேன் ஐயா. நம் பிள்ளைகள் எழுத்துப்பிழையால் அங்கே தோற்கவில்லை. அதற்கு அங்கே மதிப்பெண்ணே குறைப்பதில்லை. புதிய பத்தியைக் கொடுத்ததும் கை நின்றிருக்கும். உப்பங்கழி டீச்சர் பாடநூல் பத்தியைத் தள்ளிவைத்ததும் அதே காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"மலையில் நனைந்தாள்" என்றால் முழு மதிப்பெண் போடுவேன். பத்தியில் மலை இல்லை, நனைந்தாள் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது. ழகரத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுவேன், மதிப்பெண்ணைத் தொடமாட்டேன். அதே பிள்ளை "பாட்டி மலைக்காகக் காத்திருந்தாள்" என்று மட்டும் எழுதியிருந்தால் யோசிப்பேன்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைக் கிரகித்தல் என்போம், மதிப்பெண்ணைப் புள்ளி என்போம். பெயர்தான் வேறு, சண்டை ஒன்றுதான்.

ரீச்சர், குற்றம் பாதி வினாவில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. "ஏன் நனைந்தாள்" என்று கேட்டீர்கள். எடுத்தெழுதிய பிள்ளை தந்தது "என்ன செய்தாள்" என்பதற்கான விடை. குடையைக் கூடைக்கு மேலே பிடித்தாள் என்பது செயல், உப்பைக் காப்பாற்ற என்பது காரணம். அந்தக் காரணத்தை வாசிக்கிறவர் தன் மனதில் போட்டு நிரப்பிக்கொள்கிறார். சிவப்பு மை சேர், "விடை அதற்குள்ளேயே இருக்கிறது" என்று எழுதினீர்களே, அது உங்களுக்குள் இருந்த விடை. பிள்ளையின் தாளில் இல்லை.

நானென்றால் அதற்கு 1 புள்ளி. சரியான வரியைத் தேடிக் கண்டுபிடித்ததும் வாசிப்புத்தான். ஆனால் அது முதற்படி.

தோபாயோ:

சிங்கப்பூர். இங்கே சுயவிடைக் கருத்தறிதல் என்று தனிப் பகுதியே உண்டு. எங்கள் மாணவர்கள் பலருக்கு வீட்டில் ஆங்கிலம்தான். பனுவலில் இருக்கும் வரியை எடுத்தெழுதக்கூடாது என்றால் எழுதுவதற்கு அவர்களிடம் வேறு தமிழே இல்லாமல் போய்விடும். அதனால் எடுத்தெழுதுவதை நான் ஒரேயடியாக வெறுப்பதில்லை. எதை எடுத்தான், எங்கே நிறுத்தினான் என்று பார்ப்பேன். தேவையான அரை வரியை மட்டும் எடுத்த பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. நான்கு வரியை அள்ளிக் கொட்டி, "எதுவோ ஒன்று சரியாக இருக்கும், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்" என்று விட்டவனுக்குப் புரியவில்லை.

உங்கள் மாணவி "மழை விட்ட பிறகுதான் நடையைக் கட்டினாள்" என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள் பாருங்கள். வினாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பழைய சிவப்பு மை:

நன்னூல் படித்தவர்கள்தானே எல்லாரும். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை மாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளியைப் பவணந்தியார் கடையில் தள்ளவில்லை, இடையில் வைத்தார். அந்தக் கணக்குப்படி பனங்கூடல் அம்மா சொன்ன 1 சரிதான். என் 2-ஐத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்றரையைத் திரும்பப் பெறவில்லை. கறை கறைதான்.

ஏழாம் வகுப்பின் தாய்:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். என் மகன் தாளில் 2-க்கு 1 என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். எதற்காக 1 போனது? எழுத்துப்பிழைக்கா, காரணம் சொல்லாததற்கா, அரைகுறையாக எழுதியதற்கா? அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "டீச்சருக்கு என் கையெழுத்து பிடிக்கவில்லை" என்று அவனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். கால் வரி எழுதக்கூடாதா?

வைகைக்கரை:

அம்மா, மன்னிப்பெல்லாம் எதற்கு. நாற்பது தாள், ஐந்து வகுப்பு என்றால் கால் வரிக்கும் கை ஓயும், அதுதான் உண்மை. ஆனால் நீங்கள் சொன்னது உறைத்தது. நான் இப்போது விளிம்பில் இரண்டே குறி போடுகிறேன். புரிதல் பிழைக்கு "பு", எழுத்துப் பிழைக்கு "எ". வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். மதிப்பெண் "பு"வுக்கு மட்டும் குறையும்.

இன்னொன்று. ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்துவதை விட்டுவிட்டேன். முதல் வினாவை எல்லாத் தாளிலும் திருத்திவிட்டுத்தான் அடுத்த வினா. இல்லாவிட்டால் அழகாக எழுதும் பிள்ளையின் முதல் விடைக்குப் போட்ட 2, அடுத்த விடைக்கும் கையைப் பிடித்து இழுக்கிறது. மாற்றிய முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் "கெட்டிக்காரி" என்று நினைத்திருந்த பெண் மூன்றாம் வினாவுக்குப் படிக்காமல் அடித்துவிட்டிருந்தாள். அதற்கு முன் எத்தனை முறை அடித்துவிட்டாளோ.

அளவுகோல்:

பீசாவில் சில தாள்களை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்துவார்கள். நம்மால் அது ஆகாது. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஐந்து தாள்களைக் கொடுத்து, நம் மதிப்பெண்ணைக் காட்டாமல் போடச் சொல்லலாம். ஒரு தேநீர் நேரம் போதும். எங்கே முரண்படுகிறதோ அங்கே பெரும்பாலும் வினாதான் கோணலாக இருக்கும்.

பனங்கூடல்:

மூன்றாவது பிள்ளையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். "பாட்டிக்கு மழை பிடிக்கும்."

தோபாயோ:

மறக்கவில்லை, சொல்ல நினைத்துக்கொண்டிருந்தேன். "மழை பிடித்துக்கொண்டது" என்பதை "மழை பிடித்தது" என்று படித்திருக்கிறான். அப்படிப் படித்தால் மீதி எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! மழை பிடிக்கும், அதனால் சுமையை இறக்கினாள், குடையைத் தனக்குப் பிடிக்காமல் கூடைக்குப் பிடித்தாள், மழை விடும்வரை நின்று நனைந்தாள். ஒரு சொல் தவறியதுதான், அதற்குமேல் அவன் கட்டியதெல்லாம் நேராக நிற்கிறது.

மதிப்பெண் சுழியம்தான். ஆனால் அந்தச் சுழியத்துக்குப் பக்கத்தில் "பிடித்துக்கொண்டது = தொடங்கியது" என்று எழுதுங்கள். எங்கள் தாள்களில் பனுவலில் வரும் சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்கும் வினாவும் உண்டு. ஏன் இருக்கிறது என்று இந்த மாதிரி விடைகளைப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

பழைய சிவப்பு மை:

சரி, நான்காவது தாளுக்கு வாருங்கள். அதற்கு யாரும் நேராக விடை சொல்லவில்லை. உப்பின் மேல் குடை பிடித்தாயிற்று. உப்பு நனையவில்லை. பிறகு சந்தைக்குப் போனாள், கூடை காலியாகத் திரும்பியது. விற்றுவிட்டது என்பதைத் தவிர வேறு என்ன பொருள்? மாணவி பத்தியை விட்டு வெளியே போய்விட்டாள். பீசாவின் சுவர்க்கிறுக்கல் இங்கே செல்லாது. அங்கே கருத்துக் கேட்டார்கள், இங்கே நடந்ததைக் கேட்டார்கள்.

உப்பங்கழி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் வரமுடியவில்லை. முதல் தாளுக்கு 2, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 0 என்று போட்டு, விளிம்பில் எழுதியும் கொடுத்துவிட்டேன். "மழை பிடிக்கும்" பையன் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனான். உண்மையில் அவனுக்கு மழை பிடிக்குமாம்.

நான்காவது தாள். சிவப்பு மை ஐயா சொன்னதைத்தான் நானும் நினைத்தேன். எங்கள் ஊரில் பாதி வீடுகள் உப்பளத்தை நம்பியவை. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது. மழை என்றாலே இவள் வீட்டில் வருமானம் நின்றுவிடும், அந்த நினைப்பில் பத்தியை மறந்து எழுதிவிட்டாள் என்று நானே அவளுக்காக ஒரு காரணம் ஜோடித்து வைத்திருந்தேன். மதிய இடைவேளையில் கூப்பிட்டு, "வியாபாரம் நடக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"விற்றிருந்தால் அரிசியாவது வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்களே டீச்சர். சந்தைக்குப் போய்விட்டு யாராவது வெறுங்கூடையோடு வருவார்களா?"

அப்படியானால் உப்பு எங்கே போனது என்றேன். ஒரு குடைக்கு அடியில் எவ்வளவு உப்பு நனையாமல் இருக்கும், சாரல் அடித்தால் கீழே வழியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பிறகு பத்தியின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "சாப்பிட்டாயா என்று பாட்டி கேட்டதற்குப் பேத்தி பதிலே சொல்லவில்லை, பாருங்கள்."

அந்த வரியைப் பத்தி அழகாக முடியட்டும் என்று போட்டிருந்தேன். அதற்கு ஒரு பொருள் உண்டு என்று எழுதிய எனக்கே தோன்றவில்லை.

வைகைக்கரை:

அரிசி! முழு மதிப்பெண் போடுங்கள் டீச்சர். கையோடு விடைக்குறிப்பையும் கிழித்துப் போடுங்கள்.

பழைய சிவப்பு மை:

பொறுங்கள். பெண் கெட்டிக்காரி, ஒப்புக்கொள்கிறேன். நான் அந்தக் கடைசி வரியைப் படிக்கவே இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிசி தாளில் இல்லை. பொதுத்தேர்வில் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. முகாமில் என் மேசைக்கு வருவது பெயருக்குப் பதில் ஒரு போலி எண்ணும் ஒரு வரியும்தான். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். அப்போதும் தாளில் இல்லாததற்கு யாரும் மதிப்பெண் தரமாட்டார்கள். நீங்கள் 2 போட்டால் "மனதில் இருந்தால் போதும்" என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

பனங்கூடல்:

சேர் சொல்வதில் இந்த ஒன்றில் மட்டும் நான் அவர் பக்கம். ஆனால் பிள்ளை காரணத்தை எழுதாமல் விட்டதற்குக் காரணம், வினா காரணத்தைக் கேட்கவில்லை. "எப்படி இருந்தது" என்று கேட்டால் "நடக்கவில்லை" என்பதே முழு விடை. "எப்படித் தெரிகிறது" என்று இரண்டே சொல் சேர்த்திருந்தால் அரிசி தாளிலேயே வந்திருக்கும்.

உப்பங்கழி:

அப்படியேதான் செய்தேன். வளரறி மதிப்பீடுதானே, மறுபடி எழுதவைக்க யார் தடுப்பார்கள். பழைய தாளில் எல்லாருக்கும் அந்த வினாவை அடித்துவிட்டேன். நேற்று அதே பத்தியைக் கொடுத்து, "வியாபாரம் எப்படி இருந்தது? பத்தியிலிருந்து இரண்டு காரணம் காட்டுக" என்று கேட்டேன். "நன்றாக நடந்தது" என்றாலும் "நடக்கவில்லை" என்றாலும் காரணம் பொருந்தினால் 2.

பதினொரு பேர் இந்த முறை "நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் பத்தியைப் பார்த்து எழுதினார்கள், எத்தனை பேர் அவளைப் பார்த்து எழுதினார்கள் என்று இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மட்டும் மூன்று காரணம் எழுதியிருக்கிறாள். "சேலை காயவில்லை, அதனால் மழை மறுபடியும் பெய்திருக்கும்" என்பது மூன்றாவது. இதற்கு என்ன போடுவது?

பழைய சிவப்பு மை:

அதற்கு நான் விடை சொல்லமாட்டேன் அம்மா, மாட்டிக்கொள்வேன். என் பேரன் எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அவனிடம் இந்தப் பத்தியைக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். நீங்கள் பத்தியில் எதையும் திருத்திவிடாதீர்கள். கூடை காலியாகவே இருக்கட்டும்.